‘வேதன உண்டோ?’

அம்மாவின் ஃபிரிட்ஜ் கதவில், முட்டை வைக்கும் குழிகளில், நான்கு சின்ன அட்டைப்பெட்டிகள் இருந்தன. போன தை மாதம். பொங்கலுக்கு வந்த தங்கை பால் பாக்கெட் வைக்க இடம் தேடும்போது அவற்றை எடுத்து என்னிடம் நீட்டினாள். "ஏண்ணா, ஒரே மருந்தை இத்தனை வாங்கி வெச்சிருக்கறீங்க?"

நான்கும் லாட்டனோபிராஸ்ட். கண் பிரஷருக்கு ராத்திரி விடும் சொட்டு மருந்து. 2.5 மில்லி பாட்டில். கண்ணுக்கு ஒரு சொட்டு வீதம் விட்டால் ஏறத்தாழ ஒரு மாதம் வரும். நான்கு பெட்டியிலும் சீல் உடைக்கவே இல்லை. மாதா மாதம் மெடிக்கலில் வாங்கித் தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். ராத்திரி எட்டரைக்குப் போன் செய்து "மருந்து ஊத்திக்கிட்டயாம்மா?" என்று கேட்டவனும் நான்தான். "ஆச்சு சாமி" என்று ஒரு நாளும் தவறாமல் பதில் வரும்.

பெட்டிகளை வாசல் திண்ணையில் வரிசையாக வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. முறத்தில் இருந்த அவரைக்காயைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்.

"ஊத்துனா நெம்பக் காந்துது சாமி. மொளகாத்தூளை அள்ளிப் போட்டாப்புல. இந்தக் காத்துக் காலம் முடியட்டும், அப்புறம் ஊத்திக்கலாம்னு உட்டுட்டேன்."

கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அன்று ராத்திரி படுத்த பிறகு வேறு ஒன்று உறுத்தியது. மூன்று வருஷமாக அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். மருந்து ஊத்தினாயா என்று ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பேன். ஊத்தினால் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், சித்தூர் தாலுகா. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி என்று எல்லையை ஒட்டிய இந்த ஊர்களில் வீட்டுப் பேச்சு தமிழ், ஆபீஸ் காகிதம் மலையாளம். பொள்ளாச்சி ஒரு பக்கம், கோயமுத்தூர் ஒரு பக்கம். மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே மட்டும் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு வாசல் திறந்துவிட்டது போல விலகி நிற்கிறது. கார்த்திகை பாதிக்கு மேல் அந்த வாசல் வழியாகக் கிழக்கேயிருந்து காற்று கிளம்பினால் மாசி வரைக்கும் ஓயாது. ஈரமே இல்லாத காற்று. ராத்திரி முழுக்கப் பனையோலை படபடக்கும். உதடு வெடிக்கும், குதிகால் வெடிக்கும், துவைத்துப் போட்ட வேட்டி அரைமணி நேரத்தில் காய்ந்து விறைத்து நிற்கும். அந்தக் காற்றில் கண் மட்டும் எப்படிக் காயாமல் இருக்கும்? அம்மா அதைத்தான் சொன்னாள். ஆனால் காற்று பாதிக் காரணம்தான். மீதிப் பாதி அந்தப் பாட்டிலுக்குள் இருந்தது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் சில மாதங்கள் ஆயின.

அம்மாவுக்கு வந்த இந்தக் கண் பிரஷர் நோய்க்குப் பெயர் கிளாக்கோமா. அது என்ன செய்யும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குள் முன்பக்கத்தில் ஒரு நீர் ஊறிக்கொண்டும் வடிந்துகொண்டும் இருக்கிறது. வடியும் வழி அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். சாதாரணமாக 10-இலிருந்து 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்கும் என்பார்கள். ஏறிய அழுத்தம் பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்லும். பெரும்பாலோருக்கு வரும் வகையில் வலி இல்லை, சிவப்பு இல்லை, ஓரப் பார்வைதான் முதலில் போகும். போன பார்வை திரும்பாது. மருந்து விடுவது இருக்கிற பார்வையைக் காப்பாற்ற மட்டும்தான்.

ஒரு வயதானவளின் இடத்தில் இருந்து இதை யோசித்துப் பாருங்கள். நோய் இருப்பதாக டாக்டர் சொல்கிறார், அவளுக்கோ எதுவும் தெரிவதில்லை. மருந்து விட்டால் எரிகிறது, கண் சிவக்கிறது, பார்வை மங்குகிறது, காலையில் இமை ஒட்டிக்கொள்கிறது. மருந்தை நிறுத்தினால் நாலே நாளில் கண் குளிர்ந்துவிடுகிறது. எந்தப் பக்கம் சாய்வாள்? என் அம்மா ஏமாற்றுக்காரி இல்லை. தன் கண் சொன்னதை நம்பினாள்.

அடுத்த வாரமே டாக்டரிடம் போனோம். அழுத்தம் வலது கண்ணில் 27, இடது கண்ணில் 25. ஆறு மாதம் முன்பு இரண்டும் 16-க்குள் இருந்தவை. நான் நடந்ததைச் சொன்னேன். அந்த டாக்டர் திருச்சூர்ப் பக்கத்துக்காரர், பொறுமைசாலி. தன் பழைய குறிப்புகளைப் புரட்டிவிட்டு, "எல்லாத் தடவையும் நான் கேட்டிருக்கிறேனே" என்று மலையாளத்தில் சொன்னார். அவர் சொன்னது உண்மை. ஒவ்வொரு முறையும் அவர் கேட்டது என் காதிலும் இருக்கிறது.

"அம்மே, கண்ணில் வேதன உண்டோ?"

"வேதனையெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

மலையாளத்தில் வேதன என்றால் வலி. பல் வேதன, வயிறு வேதன எல்லாம் உண்டு. அம்மா பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மலையாளம் கேட்டால் புரியும், ஆனால் காதில் விழுகிற சொல் அவளுக்குள் தமிழாகத்தான் போய் உட்காரும். அவளுக்கு வேதனை என்றால் மனக்கஷ்டம். பெற்ற பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது, டாக்டர் முன்னால், எனக்கு வேதனை என்று சொல்லிவிடுவாளா? டாக்டரும் "வேதன இல்லை" என்று எழுதிக்கொண்டார். பக்கத்தில் நின்ற நான் இரண்டு மொழியும் தெரிந்தவன். அக்‌ஷயா என்ற இ-சேவை மையத்தில் உட்கார்ந்து நாள் முழுக்க ஊர்க்காரர்களின் தமிழை மலையாள விண்ணப்பமாக மாற்றிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. எனக்கும் அது அன்று தட்டவில்லை.

கண்ணில் வலி என்பது வேறு, காந்தல் வேறு, உறுத்தல் வேறு, அரிப்பு வேறு, கூச்சம் வேறு. தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் இருக்கிறது. ஒவ்வொன்றும் டாக்டருக்கு வெவ்வேறு சேதி என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மண் விழுந்த மாதிரி உறுத்தினால் கண்ணின் மேற்பரப்பு காய்ந்திருக்கிறது என்று யோசிப்பார்கள். அரிப்பு முன்னால் நின்றால் ஒவ்வாமையைத் தேடுவார்கள். தண்ணீராகக் கொட்டுகிறது என்றால்கூடக் கண் காய்ந்திருக்கலாம். இது கேட்க விசித்திரமாக இருக்கும். காய்ந்து புண்பட்ட மேற்பரப்பு அழைக்கும்போது கண் அவசரமாகத் தண்ணீரைக் கொட்டுகிறது. அது நிற்காமல் கன்னத்தில் வழிந்துவிடுகிறது, கண்ணுக்குப் பயன்படுவதில்லை.

அன்று டாக்டர் புதிதாக ஒன்று செய்தார். ஆரஞ்சு நிற மருந்து தோய்த்த ஒரு காகிதக் கீற்றை நனைத்து அம்மாவின் கீழிமையில் லேசாகத் தொட்டார். கன்னத்தில் மஞ்சள் தண்ணீர் வழிந்தது. மைக்ராஸ்கோப்பில் நீல விளக்கைப் போட்டு, இமைக்காமல் பார்க்கச் சொன்னார். பக்கத்துத் திரையில் எனக்கும் காட்டினார். அம்மாவின் கருவிழி திரை முழுக்கப் பெரிதாக, பச்சையாக மினுங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் எண்ணினார். நான்கு எண்ணுவதற்குள் அந்தப் பச்சைப் படலம் அங்கங்கே கிழிந்து கருப்புத் திட்டுகள் தெரிந்தன. பத்து நொடியாவது அது கிழியாமல் நிற்க வேண்டுமாம். பிறகு கருவிழியின் கீழ்ப்பாதியைக் காட்டினார். குண்டூசி முனையால் குத்தி வைத்தது போல நுணுக்கு நுணுக்காகப் பச்சைப் புள்ளிகள். எண்ண முடியாது. "இது ஓரோன்னும் ஓரோ சின்னப் புண்" என்றார்.

எட்டணாக் காசு அகலம்கூட இல்லாத ஒரு இடத்தில் அத்தனை புண். அம்மாவுக்கு அதைத் திரையில் பார்க்க வாய்ப்பில்லை, அவள் தாடையை மெஷினில் வைத்திருந்தாள். "முடிஞ்சுதுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

கண்ணுக்கு மேலே இருக்கும் கண்ணீர்ப் படலத்தில் சளி போன்ற ஒரு வழுவழுப்பு, நீர், எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய எண்ணெய் என்று மூன்று உண்டு. எண்ணெய் இமை ஓரத்துச் சுரப்பிகளிலிருந்து வருகிறது, நீர் காற்றில் ஆவியாகாமல் அதுதான் மூடி வைக்கிறது. சமையல்கட்டில் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க என்ன செய்வோம்? சோப்பு போடுவோம். கண் மருந்துப் பாட்டில்கள் பலவற்றில் கெடாமல் இருப்பதற்காகக் கலக்கும் பென்சல்கோனியம் குளோரைடு ஒரு வகையில் சோப்பின் உறவுக்காரன்தான். நுண்ணுயிரியின் மேலுறையைக் கரைத்துக் கொல்லும் வேதிப்பொருள். ஜெர்மனியில் கெர்ஹார்ட் டோமாக் 1935-இல் இந்த இனத்துப் பொருள்களின் கிருமி கொல்லும் திறனைப் பற்றி எழுதினார். சல்ஃபா மருந்துக்காக நோபல் பரிசு பெற்ற அதே டோமாக். தரை துடைக்கும் கிருமிநாசினிகளிலும் இன்றைக்கு இதைப் பார்க்கலாம். கண் மருந்தில் சேர்க்கும் அளவு மிகக் குறைவு. லாட்டனோபிராஸ்டின் முதல் பாட்டிலில் 0.02 சதவீதம். ஆனாலும் கண் சொட்டு மருந்துகளில் அது அதிகமான பக்கம்தான்.

அது நுண்ணுயிரிக்கும் நம் கண்ணின் மேல்தோல் செல்லுக்கும் பேதம் பார்ப்பதில்லை. எண்ணெய்ப் படலத்தைக் கலைக்கிறது. சளி சுரக்கும் செல்களைக் குறைக்கிறது. கருவிழி மேல் அடுக்குச் செல்களைத் தளர்த்துகிறது. ஒரு வாரம் பத்து நாள் விடும் மருந்தில் இது பெரிய விஷயமில்லை. கிளாக்கோமா மருந்தோ ஆயுசுக்கும் விடுவது. அம்மாவுக்கு ராத்திரி லாட்டனோபிராஸ்ட் ஒரு வேளை, டார்சோலமைடும் டிமோலாலும் சேர்ந்த மருந்து காலை மாலை இரண்டு வேளை. ஒரு நாளைக்குக் கண்ணுக்கு மூன்று சொட்டு. வருஷத்துக்கு ஆயிரத்துக்கு மேல். மூன்று வருஷம். அதற்கு மேல் எங்கள் ஊர்க் காற்று.

அந்தப் பொருளைச் சும்மா கலக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு மாதம் திறந்து திறந்து மூடும் பாட்டிலில் கிருமி புகுந்து வளர்ந்தால் கண்ணே போய்விடும். அதற்குக் காவல் வேண்டும்தான். ஆனால் காவல்காரனே வீட்டுக்காரரை அடிக்கிறான் என்று தெரிந்தால் ஆளை மாற்றலாம் அல்லவா? மாற்றுவதற்கு ஆள் இருக்கிறது என்பதைத்தான் எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நாங்களும் கேட்டிருக்கவில்லை.

எல்லாப் பழியையும் பென்சல்கோனியத்தின் மேல் போடவும் முடியாது. மருந்துக்கென்றே சில குணங்கள் உண்டு. டார்சோலமைடு கொஞ்சம் புளிப்புப் பக்கம், விட்டவுடன் காந்தும். பிரின்சோலமைடு பால் மாதிரிக் கலங்கல், கொஞ்ச நேரம் பார்வையை மங்க வைக்கும். லாட்டனோபிராஸ்ட், பிமாட்டோபிராஸ்ட் வகையறா கண்ணைச் சிவக்க வைக்கும், இமை மயிரை நீளமாக வளர்க்கும், கண்ணைச் சுற்றித் தோலைக் கறுக்க வைக்கும், சிலருக்கு மேலிமையைக் குழி விழ வைக்கும். கண்ணின் நிறத்தையே ஆழமாக்குவதும் உண்டு, நம் கருவிழிகளில் அது தெரிவதில்லை. அம்மாவுக்கு இமை மயிர் அடர்ந்து நீண்டுவிட்டது. கல்யாண வீட்டில் சொந்தக்காரப் பெண்கள் "எழுபத்தாறு வயசுல கண்ணு மை தீட்டுனாப்புல இருக்குது அத்தை" என்றபோது அவள் வெட்கப்பட்டது எனக்கு நினைவிருக்கிறது. அதே குணத்துக்காக பிமாட்டோபிராஸ்டை இமை மயிர் வளர்க்கும் மருந்தாகவே விற்க 2008-இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள்.

இப்போது என் கதை. அம்மாவுக்கு நோய் தெரிந்ததும் பிள்ளைகளும் கூடப் பிறந்தவர்களும் பரிசோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இது குடும்பத்தில் இறங்கும். தங்கைக்கு ஒன்றுமில்லை. எனக்கு இருந்தது. அப்போது எனக்கு 48. காலை மாலை பிரிமோனிடின் கலந்த ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஆறேழு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு கண் சிவக்க ஆரம்பித்தது. அரிப்பு. இமை தடித்தது. மையத்துக்கு வருகிறவர்கள் "ராத்திரி தூங்கலையா?" என்பார்கள், ஒரு சிலர் முகத்தைத் திருப்பி மூச்சை மோந்து பார்ப்பார்கள். கள்ளுக்கடை அதிகமுள்ள எங்கள் தாலுகாவில் சிவந்த கண்ணோடு உட்கார்ந்திருப்பது அத்தனை சுலபமில்லை. பஞ்சாயத்து மெம்பர் ஒருவர் என் அப்பாவின் பெயரைச் சொல்லி "அவரு தொட்டதே இல்லையே" என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார். அன்று மத்தியானமே மெடிக்கலுக்குப் போனேன்.

எந்தக் கடை என்பது முக்கியமில்லை, எந்த ஊர்க் கடையிலும் இது நடக்கும். கண் சிவந்திருக்கிறது என்றேன். ஒரு சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்தார். எனக்கு வேறு கண் மருந்து ஓடுகிறது என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இரண்டே நாளில் கண் பளிச்சென்று வெளுத்துவிட்டது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஐந்து வாரம் விட்டேன். அடுத்த பரிசோதனையில் என் அழுத்தம் 31. டாக்டர் இரண்டு முறை அளந்தார். "வேறு என்ன விடுகிறீர்கள்?" என்று கேட்டபோதுதான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். டெக்ஸாமெத்தசோன். ஸ்டீராய்டு. சிவப்பை அடக்கும், ஆனால் சில வாரங்களில் பலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். கிளாக்கோமா உள்ளவர்களுக்கு இன்னும் எளிதாக ஏறும். நான் ஒரு கையால் தண்ணீரை இறைத்துக்கொண்டே மறு கையால் கிணற்றுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தேன். நிறுத்தியதும் அழுத்தம் சில வாரத்தில் இறங்கிவிட்டது. எல்லோருக்கும் இறங்கும் என்று உறுதி இல்லை.

என் கீழிமையை மடக்கிப் பார்த்தார். உள்பக்கம் ஜவ்வரிசி பரப்பியது போலச் சின்னச் சின்னக் கொப்புளங்கள். பிரிமோனிடின் ஒவ்வாமை. அதை நிறுத்திய பத்து நாளில் அரிப்பு போனது. ஆக, என் சிவப்புக்குக் காரணம் மருந்து, அம்மாவின் காந்தலுக்கு அதிகக் காரணம் மருந்து கெடாமல் காக்கும் பொருள். இரண்டுமே வெளியிலிருந்து பார்த்தால் சிவந்த கண்தான். கடைக்காரரால் பிரித்துப் பார்க்க முடியாது. நம்மாலும் முடியாது.

இளநீர்க் குழம்பைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. எங்கள் பக்கம் கண்ணில் என்ன வந்தாலும் வைத்திய சாலையில் வாங்கி ஒரு துளி விடுவார்கள். இளநீர், மரமஞ்சள், திரிபலா, அதிமதுரம், இந்துப்பு, தேன், கற்பூரம் எல்லாம் சேர்ந்தது. விட்டால் கண் பற்றி எரிந்து, தண்ணீராகக் கொட்டி, பிறகு குளிர்ந்த மாதிரி இருக்கும். தலைமுறைகள் நம்பிய மருந்தை நான் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த நான்கு மாதமும் அம்மா தூங்கப் போகும்முன் சொட்டு மருந்துக்குப் பதிலாக அதைத்தான் விட்டிருக்கிறாள். ஏற்கனவே குண்டூசிப் புண்ணாகக் கிடந்த கருவிழியில் உப்பும் கற்பூரமும். அதைக் கேட்ட டாக்டர் திட்டவில்லை, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தார்.

பிறகு என்ன மாற்றினார்கள்? அம்மாவுக்கு ராத்திரி மருந்து பதப்பொருள், அதாவது கெடாமல் காக்கும் அந்தப் பொருள், இல்லாத வகைக்கு மாறியது. ஒரு வேளைக்கு மட்டுமான குட்டிப் பிளாஸ்டிக் குப்பிகள், சரமாக ஒட்டியிருக்கும். ஒன்றைப் பிய்த்து, கழுத்தைத் திருகி, விட்டுவிட்டு எறிந்துவிட வேண்டும். கிருமி உள்ளே போகாத வால்வு வைத்த பாட்டில்களும் இருக்கின்றன. விலை கூடுதல், எல்லா மெடிக்கலிலும் கிடைப்பதில்லை, முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அழுத்தத்தைக் குறைப்பதில் பழையதற்கு இது சளைத்ததில்லை. கூடவே, செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, அதுவும் பதப்பொருள் இல்லாதது. பலர் இங்கேதான் தவறுகிறார்கள். காய்ந்த கண்ணுக்கு என்று வாங்கும் சொட்டிலேயே பென்சல்கோனியம் இருந்தால், ஒரு நாளைக்கு நான்கு தடவை அதையும் சேர்த்துத்தான் விடுகிறோம். பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கும். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள், நான் அப்படித்தான் படித்தேன்.

எனக்கு லேசர் செய்தார்கள். எஸ்.எல்.டி. என்பார்கள். நீர் வடியும் சல்லடையில் லேசான லேசர் புள்ளிகள் வைப்பது. சில நிமிஷ வேலை, அன்றே வீட்டுக்கு வந்துவிட்டேன். பிரிட்டனில் புதிதாக நோய் தெரிந்த 718 பேரிடம் நடத்திய ஆய்வு 2019-இல் லான்செட் இதழில் வந்தது. லேசரை முதலில் செய்துகொண்டவர்களில் சுமார் 74 சதவீதம் பேருக்கு மூன்று வருஷம் வரை சொட்டு மருந்தே தேவைப்படவில்லை. எல்லா வகைக் கிளாக்கோமாவுக்கும் இது பொருந்தாது, சில வருஷத்தில் அதன் பலன் குறையவும் செய்யும். ஆனால் சொட்டு மருந்து ஒத்துக்கொள்ளாதவர் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் இது ஒன்று என்று நான் நினைக்கிறேன். வருஷக்கணக்காகப் பதப்பொருளில் வெந்த, கண்ணின் வெள்ளையை மூடியிருக்கும் மெல்லிய படலம் உள்ளே அழன்றும் தழும்பேறியும் போவதால், பின்னால் ஆபரேஷன் தேவைப்பட்டால் அது பலிப்பதும் கடினமாகிறதாம். எரிச்சலைப் பொறுத்துக்கொள்வது நல்ல பிள்ளையின் லட்சணம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இதைக் கேட்டபோது பகீர் என்றது.

சொட்டு விடும் முறையையும் திருத்தினார்கள். அம்மா ஒரு கண்ணில் மூன்று சொட்டு விட்டுக்கொண்டிருந்தாள், காற்றில் முதல் சொட்டு பறந்துவிடும் என்று. கீழிமைப் பையில் அதிகம் போனால் முப்பது மைக்ரோலிட்டர் நிற்கும். ஒரு சொட்டே அதற்கு மேல் வரும். மிச்சம் எல்லாம் இமையிலும் கன்னத்திலும் வழிந்து தோலைப் புண்ணாக்குகிறது. ஒரு சொட்டு போதும். கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, கீழிமையை இழுத்து விட்டுவிட்டு, கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை இரண்டு நிமிஷம் விரலால் அழுத்திக்கொண்டால் மருந்து தொண்டைக்கும் ரத்தத்துக்கும் போவது குறையும். டிமோலால் விடுகிறவர்களுக்கு இது முக்கியம், அது இதயத் துடிப்பைக் குறைக்கும், ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சைப் பிடிக்கும். வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிஷமாவது இடைவெளி. நானும் திரையையே பார்த்து வேலை செய்யும்போது இமைப்பதே குறைந்துவிடுகிறது என்று தெரிந்து, டோக்கன் மாறும்போதெல்லாம் கண்ணை மூடித் திறக்கப் பழகியிருக்கிறேன்.

குப்பியைப் பிதுக்குவது அம்மாவுக்கு முதல் வாரம் பெரும்பாடாக இருந்தது. விரல் மூட்டெல்லாம் தேய்ந்த கை. திருகியவுடன் பாதி மருந்து தாவாங்கட்டையில் போய்விடும். தங்கை மகள்தான் வழி கண்டுபிடித்தாள், குப்பியைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டு, கட்டிலில் சாய்ந்து, ஆள்காட்டி விரலுக்குப் பதிலாக இரண்டு கட்டை விரலால் அழுத்துவது. இப்போது ராத்திரி எட்டரைக்குப் போன் செய்தால் "ஊத்துனயா?" என்று கேட்பதில்லை. "இன்னைக்கு எப்பிடி இருந்துதும்மா?" என்று கேட்கிறேன். சில நாள் பத்து நிமிஷம் பேசுகிறாள். கண்ணில் தொடங்கி தேங்காய் விலையில் முடியும்.

வைகாசியில் மறுபடி போனோம். வலது 17, இடது 15. நீல விளக்கில் புள்ளிகள் பாதிக்கு மேல் குறைந்திருந்தன. டாக்டர் வழக்கம் போலப் பேனாவை எடுத்தார்.

"அம்மே, வேதன உண்டோ?"

அம்மா என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"வேதனை இல்லீங்க டாக்டருங்க. காந்தல் இருக்குதுங்க. ராத்திரி மருந்துக்கு இப்ப இல்லீங்க. காலையில ஊத்தறது மட்டும் காந்துதுங்க, நூறு எண்ணற வரைக்கும். அப்புறம் உட்டுருதுங்க."

"காந்தல்..." என்று டாக்டர் இழுத்தார். வாசலில் நின்ற சித்தூர்க்கார நர்ஸ், "நீற்றலாணு டாக்டரே" என்றார். டாக்டர் தலையாட்டிவிட்டு, ஃபைலில் மலையாள எழுத்தில் காந்தல் என்று எழுதி, நூறு என்று பக்கத்தில் போட்டு, "காலையில் விடுவது எந்த மருந்து? பாட்டிலைக் கொண்டுவந்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். அம்மா மடியிலிருந்த துணிப்பையை அவிழ்க்கத் தொடங்கினாள்.